குறையாது, மிஞ்சாது: சின்ன வகுப்புகளுக்கு உத்தேசக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் முறை

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருந்து தமிழக எல்லையில் உள்ள கோபாலபுரம் போகிற வழியில் தேங்காய்க் களங்கள் நிறைய உண்டு. ஒருமுறை ஒரு களத்தில் வியாபாரி ஒருவர் குவியலை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "மூவாயிரத்துக்குக் குறையாது, மூவாயிரத்தைந்நூறுக்கு மிஞ்சாது" என்றார். தோட்டக்காரரும் மறுப்புச் சொல்லவில்லை. அப்புறம் எண்ணினார்கள். கைக்கு இரண்டு, வீச்சுக்கு நான்கு, 25 வீச்சு போனால் நூறு. கடைசியில் 3,240 வந்தது. யாரும் வியக்கவில்லை. அங்கே அது தினமும் நடப்பதுதான்.

நான் அந்தப் பக்கத்து எல்.பி. பள்ளி (ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை உள்ள பள்ளி) ஒன்றில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவள். உத்தேச மதிப்புப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வியாபாரி சொன்னது இரண்டு எண்கள். வகுப்பில் நாம் கேட்பது ஒரு எண். ஒரு எண்ணைக் கேட்டால் அது சரியா தப்பா என்ற பயம் கூடவே வந்துவிடும். இரண்டு எண்ணைக் கேட்டால் யோசனை வரும்.

கீழே இருப்பது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான வழி. கேரளத்தில் ஐந்தாம் வகுப்பு, அடுத்த கட்டமான யு.பி. பள்ளியில் போய்விடும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் அது தொடக்கப் பள்ளிதான், அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்குங்கள்

உத்தேசம், தோராயம், சுமார், குத்துமதிப்பு என்று வீட்டில் ஒன்றும் புத்தகத்தில் ஒன்றுமாகப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் பஸ்ஸிலும் கடையிலும் மலையாளத்து 'ஏகதேசம்' வேறு. எல்லாம் ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்குப் பிடித்த சொல் 'ஏறக்குறைய'. ஏறவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. கரும்பலகையில் 'ஏற', 'குறைய' என்று பிரித்து எழுதிக் காட்டினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

இன்னொரு வேறுபாட்டை ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 47-ஐ 50 ஆக்குவது முழுமையாக்குதல். அதற்கு விதி உண்டு, ஒரே விடைதான் வரும். உத்தேசம் அதைவிட அகலமானது. ஒரு பாட்டிலில் எத்தனை கொட்டை, ஒரு தோட்டத்தில் எத்தனை மரம், மைதானத்தைச் சுற்ற எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் உத்தேசம். முழுமையாக்குதல் அதற்கு உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான். பெரும்பாலான வகுப்புகளில் கருவியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் செய்த தப்பு

முதல் வருஷம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி புளியங்கொட்டை போட்டு மேசையில் வைத்தேன். சரியான எண்ணுக்கு யார் பக்கத்தில் வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு பேனா என்றும் அறிவித்தேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் 200 என்றாள். அடுத்தவன் 201 என்றான். அதற்கடுத்தவள் 199. பின்வரிசையில் ஒருவன் எழுந்து "பத்தாயிரம்" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். கொட்டி எண்ணினோம், 412 வந்தது. நோட்டுகளைத் திருத்த எடுத்தால் பாதிப் பேர் 200-ஐ ரப்பர் வைத்து அழித்து 400 என்றும் 410 என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு சமர்த்துப் பையன் 412 என்றே எழுதிவிட்டான்.

பிள்ளைகள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணி வந்த விடைதான் சரி, மனதில் தோன்றியது தப்பு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அதற்கப்புறம் மூன்று விஷயங்களை மாற்றினேன். உத்தேசத்தைப் பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் வாய்விட்டுச் சொல்லலாம். கிட்ட வந்தவர்களுக்குப் பரிசு கிடையாது. பாராட்டு உண்டு, ஆனால் அது "எப்படிச் சொன்னாய்?" என்ற கேள்விக்கு நல்ல பதில் தருபவருக்கு.

முதல் படி: ஐந்தைக் கண்ணில் பதிய வைப்பது (வகுப்பு 1)

மூன்று நான்கு பொருள்களை எண்ணாமலே பார்த்துச் சொல்வது சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். அதற்கு மேல் போனால் எண்ணத் தொடங்குவார்கள். ஆகவே ஐந்து ஐந்தாக வைத்துப் பழக்குங்கள். ஒரு தட்டில் புளியங்கொட்டை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, மூன்று எண்ணுவதற்குள் திறந்து மூடுங்கள். "ஐந்தா, ஐந்துக்கு மேலா, கீழா?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணைக் கேட்க வேண்டாம். அடுத்த வாரம் "பத்துக்கு மேலா, கீழா?" போதும். எண்ணிப் பார்க்க நேரம் கொடுத்துவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும்.

இரண்டாம் படி: பிடிமானங்கள் சேர்ப்பது (வகுப்பு 1 முதல் 3)

தேங்காய் வியாபாரியின் கண்ணில் நூறு தேங்காய் எவ்வளவு உயரக் குவியல் என்பது பதிந்து கிடக்கிறது. அதை வைத்துத்தான் அவர் மூவாயிரத்தைப் பிடிக்கிறார். பிடிமானம் இல்லாமல் சொன்னால் ஊகம், பிடிமானம் வைத்துச் சொன்னால் உத்தேசம். இந்தப் படியில் நிறைய நாள் செலவழியுங்கள், அவசரப்படாதீர்கள்.

நீளத்துக்குப் பிள்ளையின் உடம்பே போதும். சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சாண் 15 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். பெரியவர்களின் முழம் 45 சென்டிமீட்டர் அளவு. பூக்காரம்மா முழம் போடும்போது கடையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். யார் கை நீளமோ அவரிடம் வாங்கினால்தான் லாபம் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். நிலையான அளவுகோல் ஏன் வேண்டும் என்ற பாடத்தை அன்றைக்கு நான் தனியாக நடத்தவேண்டியிருக்கவில்லை.

எடைக்கு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோர் கையிலும் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் உப்பு, இன்னொரு கையில் புத்தகப் பை. "பை எத்தனை உப்பு இருக்கும்?" என்று கேட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குப் பிள்ளைகள் எல்லாவற்றையும் உப்பில் அளப்பார்கள். உரித்த தேங்காய் சுமார் அரை உப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு உப்பு. கொள்ளளவுக்கு அரை லிட்டர் பால் பாக்கெட் போதும்.

நேரத்துக்குப் பிடிமானம் வாங்குவது கொஞ்சம் கடினம். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஆனதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அரை நிமிஷத்திலேயே தூக்கிவிட்டார்கள். வாரம் இருமுறை செய்தால் மெல்ல மெல்லச் சரியாகும்.

வகுப்பின் ஒரு சுவரில் இந்தப் பிடிமானங்களைப் படம் வரைந்து ஒட்டிவையுங்கள்.

மூன்றாம் படி: குறையாது, மிஞ்சாது (வகுப்பு 2 முதல்)

எந்தக் கேள்வியானாலும் முதலில் ஒரு எண்ணைக் கேட்காதீர்கள். "எவ்வளவுக்குக் குறையாது?" என்று கேளுங்கள். அப்புறம் "எவ்வளவுக்கு மிஞ்சாது?" பாட்டிலைக் காட்டி "பத்துக்குக் குறையாது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அது சரியும்கூட. பின்வரிசைப் பையனும் தைரியமாகப் பேசத் தொடங்குவது இங்கேதான். கரும்பலகையில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

ஒருநாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அதே பாட்டில், கொட்டை மட்டும் கூடக்குறைய. "பத்துக்குக் குறையாதுங்க டீச்சர்." சரி, எழுதினேன். "ஆயிரத்துக்கு மிஞ்சாது." அதையும் எழுதினேன். "இன்னும் கிட்ட வா, கண்ணு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒருத்தி, "அடி வரிசையை மட்டும் எண்ணட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். பாட்டிலைத் தூக்கி அடியில் பார்த்தாள், 28 தெரிந்தது. உயரத்தில் எத்தனை அடுக்கு என்று இன்னொருவன் விரல் வைத்து அளந்தான். பத்துக்குக் குறையாது, பதினைந்துக்கு மிஞ்சாது என்றான். 28-ஐ 30 ஆக்கிக்கொண்டார்கள். 30 பத்து 300, 30 பதினைந்து 450. கரும்பலகையில் இருந்த 10-உம் 1,000-உம் போய் 300-உம் 450-உம் வந்துவிட்டன. அந்த முறையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, 'இன்னும் கிட்ட வா' என்று மட்டும்தான் சொன்னேன்.

இடைவெளி அகலமாக இருந்தால் தப்பில்லை, குறுக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் இலக்கு. சில பிள்ளைகள் பாதுகாப்பாக "ஒன்றுக்குக் குறையாது, லட்சத்துக்கு மிஞ்சாது" என்று சொல்லித் தப்பிப்பார்கள். "அந்த எண்ணை வைத்துக்கொண்டு கொட்டை வாங்கப் போக முடியுமா?" என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே குறுக்குவார்கள்.

நான்காம் படி: கொஞ்சம் எண்ணி, மீதியைப் பெருக்குவது (வகுப்பு 3 முதல் 5)

முழுவதையும் எண்ண முடியாதபோது ஒரு பங்கை எண்ணிப் பெருக்குவது. இதற்கு மட்டை அரிசியை விட நல்ல பொருள் இல்லை. 'பாலக்காடன் மட்டை' 2007-இல் புவிசார் குறியீடு பெற்ற அரிசி. பருமனாக இருப்பதால் சின்ன விரலுக்கும் எண்ண வசதி. ஒரு பாட்டில் மூடி நிறைய அரிசியைத் தட்டி, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். எங்களுக்கு 200-க்குப் பக்கத்தில் வந்தது. ஒரு டம்ளருக்கு எத்தனை மூடி என்று ஊற்றிப் பார்த்தோம், 33. 33-ஐ 200-ஆல் பெருக்கினால் 6,600. ஆறாயிரத்துக்குக் குறையாது, ஏழாயிரத்துக்கு மிஞ்சாது என்று முடித்தோம். மூடியைத் தலைதட்டி அளந்த குழுவும் குவித்து அளந்த குழுவும் ஆயிரம் கணக்கில் வேறுபட்டார்கள். ஒரு மூடியில் நடக்கிற சின்னப் பிசகு பெருக்கும்போது பெரிசாகும் என்பதை அதை வைத்தே பேசலாம்.

ஐந்தாம் வகுப்புக்குத் தென்னந்தோப்பைக் கொடுங்கள். 25 அடி இடைவெளியில் மரம் வைத்தால் ஒரு ஏக்கரில் எத்தனை மரம்? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமான நிலமாக நினைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 209 அடிக்குப் பக்கத்தில். பிள்ளைகள் அதை 200 ஆக்குவார்கள். 200-இல் எட்டு 25. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆகமொத்தம் 64. அதை வீட்டில் போய்ச் சொன்னால் தாத்தா "எழுபது வைப்போம்" என்பார். ஒரு மரத்துக்கு 25 × 25, அதாவது 625 சதுர அடி. 43,560-ஐ 625-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எழுபதுதான் வருகிறது. ஏன் ஆறு குறைந்தது? 209-இல் ஒன்பது அடியை நாம்தான் வெட்டினோம், அதுவும் இரண்டு பக்கமும். இந்த உரையாடல் எனக்கு ஒரு பீரியட் முழுக்க ஓடியது, ஓடவும் வேண்டும்.

ஐந்தாம் படி: கயிற்றில் எண்களை மாட்டுவது

வராந்தாவில் ஒரு கயிறு கட்டி ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 என்று அட்டை மாட்டுங்கள். பிள்ளையிடம் 10 என்ற அட்டையும் துணி கிளிப்பும் கொடுத்து எங்கே மாட்டுவாய் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் பலர் நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டுவார்கள். 70, 80, 90 எல்லாம் கடைசியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இது கவனக்குறைவு இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் ஜான் ஓப்ஃபரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இதையே பார்த்தார்கள். 0 முதல் 1,000 வரையிலான கோட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சின்ன எண்களை அகல விரித்தும் பெரிய எண்களை நெருக்கியும் வைத்தார்கள், ஆறாம் வகுப்பில் அது சீராகிவிட்டது.

திருத்துவதற்கு எளிய வழி 50-ஐ முதலில் மாட்டுவது. கயிற்றை மடித்து நடுவைக் காட்டி, அப்புறம் 25, 75. அதன் பிறகு 10-ஐக் கொடுத்தால் பிள்ளையே நகர்த்திக்கொள்ளும். இரண்டாம் வகுப்பில் 100 வரை, மூன்றில் 1,000 வரை போதும்.

ஆறாம் படி: கூட்டல் பெருக்கலுக்குள் கொண்டுவருவது (வகுப்பு 3 முதல் 5)

இங்கேதான் பாடம் புத்தகத்தோடு வந்து சேர்கிறது. எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு தப்பு இது: 48 × 6 = 2,448. ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஆறு நாலு இருபத்தி நாலு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவார்கள். வாய்ப்பாடு சரி, நாற்பத்தெட்டில் உள்ள நாலைப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டுவது மட்டும் விட்டுப்போயிற்று. சிவப்பு மையால் சுழித்துவிட்டால் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. "48 எதுக்குப் பக்கம்? ஐம்பது. ஐம்பது ஆறு? முந்நூறு. அப்போ முந்நூறுக்கு மேலா வரும், கீழா வரும்?" என்று கேளுங்கள். பிள்ளை தன் 2,448-ஐப் பார்த்துவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொள்ளும். விடை 288.

கூட்டலுக்கு இரண்டு வழி காட்டுங்கள். 48, 33, 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 50, 30, 30 ஆக்கிக்கொண்டு 110 என்பது ஒரு வழி. முன் இலக்கத்தை மட்டும் கூட்டி 40, 30, 20, ஆக 90, விட்டதற்கு ஒரு இருபது என்று சேர்ப்பது இன்னொரு வழி. சரியான தொகை 108. இரண்டில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வகுத்தலில் முழுமையாக்கும் விதி அவ்வளவு உதவாது. 250-ஐ ஆறால் வகுக்க வேண்டுமானால் 240-ஐப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆறு நாற்பது 240, ஆகவே நாற்பதுக்குக் குறையாது.

ஒரு பெரிய சிக்கல் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். 'உத்தேச மதிப்பு காண்க, பின் சரியான விடை காண்க' என்று கேட்டால் பிள்ளைகள் முதலில் சரியான விடையைப் போட்டுவிட்டு, அதைச் சுருக்கி உத்தேசம் என்று எழுதிவிடுவார்கள். அதைத் தடுக்க நான் மை கொட்டிய கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறேன். 4■ + 3■ என்று எழுதி, ஒன்றாம் இலக்கத்தின் மேல் மை கொட்டிவிட்டது என்று சொல்லிவிடுவேன். சரியான விடை போடவே முடியாது. குறைந்தது 40-உம் 30-உம், 70. கூடினால் 49-உம் 39-உம், 88. எழுபதுக்குக் குறையாது, எண்பத்தெட்டுக்கு மிஞ்சாது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே கேட்டு வாங்குகிறார்கள்.

ஏழாம் படி: எந்தப் பக்கம் பிசகலாம்?

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உத்தேசம் எதற்காக என்பதைப் பொறுத்து, கூட்டிச் சொல்வதா குறைத்துச் சொல்வதா என்பது மாறும். மதிய உணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசிக் கணக்கு. இன்று 58 பேர் வந்தால் எத்தனை கிலோ? 5.8. சமையல் அக்காவிடம் 'ஐந்து' என்று சொன்னால் எட்டுப் பேருக்குச் சோறு போதாது. ஆறு என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் கட்டணத்துக்குப் பணம் எடுத்துக்கொண்டு போவதும் அப்படித்தான். ஆனால் ஒரு சாக்கு எத்தனை கிலோ தாங்கும், ஒரு கயிறு எவ்வளவு எடை இழுக்கும் என்றால் குறைத்துச் சொல்வதுதான் பத்திரம். நான்காம் வகுப்புக்கு இப்படிப் பத்து நிலைமைகள் கொடுத்து, கூட்டலாமா குறைக்கலாமா என்று மட்டும் கேளுங்கள், கணக்கே போட வேண்டாம். எங்கள் சமையல் அக்கா ஒருநாள் வகுப்புக்கு வந்து, தான் எப்படி அளக்கிறாள் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறைத்துப் போடுவாளாம், அன்று வருகை குறைவு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிடிமானம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது

விடை பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான எண்ணிக்கை 300 என்றால் 270-இல் இருந்து 330 வரை எது வந்தாலும் ஒரே மதிப்பெண். 299 எழுதியவருக்குக் கூடுதல் கிடையாது. பாதி மதிப்பெண்ணைக் காரணத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு பிள்ளை 500 என்று எழுதி, அடி வரிசையை எண்ணிப் பெருக்கினேன், நடுவில் பாட்டில் குறுகுவதைக் கவனிக்கவில்லை என்று எழுதினால் நான் முழு மதிப்பெண்ணே போட்டுவிடுவேன்.

வீட்டுக்குச் சொல்லியனுப்புவது

பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடையில் அண்ணாச்சி பில் போடுவதற்கு முன்னால் பிள்ளையிடம் "எவ்வளவுக்குக் குறையாது, எவ்வளவுக்கு மிஞ்சாது?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். பில் வந்ததும் அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எங்கே பிசகியது என்று வீடு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அதுவே வாயைத் திறந்து சொல்லிவிடும்.